பீங்கான் குழாயில் சுழலும் புரதம்

கருவேப்பிலங்குறிச்சிப் பக்கம் கொஞ்சம் பழைய வீடாகப் பார்த்து மீட்டர் போர்டைத் திறந்தால், வெள்ளை வெளேரென்று ஒரு பீஸ் கட்டை இருக்கும். பக்கத்து விருத்தாசலத்துச் செராமிக் தொழிற்பேட்டையில் காலங்காலமாகச் செய்துவரும் சரக்கு அது. வெளியூர்க்காரர்களுக்கு விருத்தாசலம் என்றால் பீங்கான் பொம்மையும் கார்த்திகை அகலும்தான் நினைவுக்கு வரும். பீஸ் கட்டையை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. அதைப் பீங்கானில் செய்வதற்கு இரண்டு காரணங்கள்: மின்சாரத்தைக் கடத்தாது, சூட்டையும் தாங்கும்.

மின்சாரத்தைக் கடத்தாத அதே குணத்துக்காக வேறொரு பீங்கான் சாமான், உயிர்வேதியியல் ஆய்வகங்களில் யாருடைய கண்ணிலும் படாமல் வேலை செய்துகொண்டிருக்கிறது. அது ஒரு குட்டிக் குழாய். பெயர் ரோட்டார். மிகச் சிறிய வகைகளில் ஒன்றின் வெளிவிட்டம் 0.7 மில்லிமீட்டர். அதற்குள் அரை மில்லிகிராம் அளவுக்குப் புரதத்தை அடைத்து இரண்டு பக்கமும் மூடி, பெரிய காந்தத்தின் நடுவே நொடிக்கு 1,11,000 தடவை சுற்றவிடுகிறார்கள். நிமிடக் கணக்கில் சொன்னால் 66 லட்சம் சுற்றுக்கு மேல். குழாயின் மேற்பரப்பு அப்போது நொடிக்கு 244 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. பயணிகள் ஜெட் விமானம் வானில் பறக்கும் வேகத்துக்கு அது நெருங்கி வரும்.

ரோட்டாருக்கான பீங்கான் நம் ஊர்க் களிமண்ணில் ஆனதல்ல. சிர்கோனியா என்ற ஆக்ஸைடில் சிறிது இட்ரியா சேர்த்துச் சுட்டது. சிர்கோனியாவின் மூலப்பொருளான சிர்கான் மணல் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கிடைக்கிறது. குழாயை உலோகத்தில் செய்துவிடலாமே என்றால், கூடாது. உலோகம் ரேடியோ அலையை உள்ளே விடாது. காந்தத்துக்குள் சுழலும்போது அதிலேயே மின்னோட்டம் உண்டாகித் தடையும் போடும். கண்ணாடியைப் போட்டால் அந்த வேகத்தில் தூள்தூளாகிவிடும். ஆக, பீங்கான்தான்.

இவ்வளவு பாடுபட்டு ஒரு புரதத்தை ஏன் சுற்ற வேண்டும்? அந்தப் புரதத்தின் உள்ளே எது எப்படி அசைகிறது என்று அறியத்தான்.

கதையைச் சென்னையிலிருந்து தொடங்குவது நியாயம். 1952-ல் ஜே.டி. பெர்னால் என்ற, அயர்லாந்தில் பிறந்த விஞ்ஞானி சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். அங்கே இயற்பியல் துறையை அப்போதுதான் ஏற்றிருந்த ஜி.என். ராமச்சந்திரனிடம், கொலாஜன் என்ற புரதத்தின் அமைப்பு இன்னும் பிடிபடவில்லை என்று பேச்சுவாக்கில் சொன்னார். தோல், தசைநாண், எலும்பு எல்லாவற்றுக்கும் அடிப்படை கொலாஜன். ராமச்சந்திரனின் அதிர்ஷ்டம், பக்கத்திலேயே மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருந்தது. அங்கே நாயுடம்மா மூலம் கங்காருவின் வால் தசைநாண் கிடைத்தது. அதன் மேல் எக்ஸ்-கதிரைப் பாய்ச்சிப் படம் எடுத்து, கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து 1954-லும் 1955-லும் 'நேச்சர்' இதழில் விடையை வெளியிட்டார்: மூன்று சங்கிலிகள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்ட மும்முறுக்கு. சங்கிலி ஒவ்வொன்றிலும் சுமார் 1,000 அமினோ அமிலங்கள். மூன்றில் ஒன்று கிளைசின். மொத்த நீளம் 300 நானோமீட்டர், பருமன் ஒன்றரை நானோமீட்டர்.

இந்தியாவிலிருந்து அந்தக் காலத்தில் வந்த மிகப் பெரிய கண்டுபிடிப்புகளில் அது ஒன்று. ராமச்சந்திரனுக்கு நோபல் கிடைக்காதது அந்தப் பரிசுக்குத்தான் குறை என்பது என் கட்சி. ஆனால் எக்ஸ்-கதிர்ப் படம் ஒரு விஷயத்தைச் சொல்லாது. கோடிக்கணக்கான மூலக்கூறுகளின் சராசரி அது. எது ஒரே இடத்தில் நிற்கிறதோ அது பளிச்சென்று விழும். எது ஆடிக்கொண்டிருக்கிறதோ அது மங்கும், ரொம்ப ஆடினால் படத்திலேயே இராது. ராமச்சந்திரனின் மும்முறுக்கு ஓடும் ஆட்டின் தசைநாணுக்குள், நடக்கும் மனிதனின் குதிகாலுக்குள் ஆடாமல் அசையாமல் கிடக்கிறதா? படத்தைப் பார்த்துப் பதில் சொல்ல முடியாது.

பதில் சொல்லத் தெரிந்த கருவி காந்த ஒத்ததிர்வு, சுருக்கமாக என்.எம்.ஆர். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் என்று எல்லாருக்கும் தெரிந்ததும் இதன் குடும்பம்தான். ஹைட்ரஜன் அணுவின் கரு ஒரு சின்னஞ்சிறு காந்தம். வலுவான காந்தப்புலத்தில் வைத்தால், புலத்தின் திசையைச் சுற்றிக் குறிப்பிட்ட வேகத்தில் ஆடும். புலம் 1 டெஸ்லா என்றால் நொடிக்குச் சுமார் 4 கோடியே 26 லட்சம் தடவை. ஸ்கேன் சென்டரில் இருக்கும் 1.5 டெஸ்லா காந்தத்தில் இது 64 மெகாஹெர்ட்ஸ், எஃப்.எம். வானொலி தொடங்கும் 88-க்குச் சற்றுக் கீழே. புரதம் ஆராயும் காந்தங்கள் 14 டெஸ்லாவிலும் அதற்கு மேலும் வேலை செய்கின்றன, 14.1 டெஸ்லாவில் 600 மெகாஹெர்ட்ஸ். அதே அதிர்வெண்ணில் ரேடியோ அலையை ஒரு கணம் தட்டிவிட்டு நிறுத்தினால், கருக்கள் சேர்ந்து பதில் சிக்னல் கொடுக்கும்.

எல்லா ஹைட்ரஜனும் ஒரே குரலில் பதில் சொன்னால் பயனில்லை. சொல்வதில்லை. சுற்றியிருக்கும் எலெக்ட்ரான்களைப் பொறுத்து ஒவ்வொன்றின் அதிர்வெண்ணும் துளி மாறும். சாராயத்தில், அதாவது எத்தில் ஆல்கஹாலில், மூன்று வகை ஹைட்ரஜன் உண்டு. மூன்று சிக்னல் வரும். இதை 1951-ல் ஸ்டான்ஃபோர்டில் காட்டிய மூவரில் ஒருவர் எஸ்.எஸ். தர்மாட்டி. இந்தியா திரும்பி மும்பையின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் இந்தத் துறைக்கு வித்திட்டவர் அவர். புரதத்தில் ஹைட்ரஜன்கள் ஆயிரக்கணக்கில் இருப்பதால் சிக்னல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குழம்பும். அதைப் பிரிக்கப் பாக்டீரியாவுக்குக் கார்பன்-13 ஏற்றிய குளுக்கோஸையும் நைட்ரஜன்-15 ஏற்றிய அம்மோனியம் குளோரைடையும் ஊட்டி வளர்த்துப் புரதம் செய்யவைக்கிறார்கள். இயற்கையில் கார்பன்-13 நூற்றுக்கு ஒன்றுதான் என்பதால், வளர்ப்புச் செலவு கையைக் கடிக்கும்.

அசைவுக்கு வருவோம். ரேடியோ அலை தட்டி எழுப்பிய கரு சும்மா பழைய நிலைக்குத் திரும்பாது. அதன் மேல் படும் காந்தப்புலம் சிறிதளவு ஏறி இறங்க வேண்டும்; அந்த ஏற்ற இறக்கம் சரியான வேகத்தில் நடக்கவும் வேண்டும். பக்கத்து அணுக்கள் நகர்வதால்தான் அந்த ஏற்ற இறக்கம் வருகிறது. ஆக, கரு எவ்வளவு நேரத்தில் அடங்குகிறது என்று அளந்தால், சுற்றத்தார் எவ்வளவு வேகமாக அசைகிறார்கள் என்று தெரிந்துவிடும். நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு, அதற்கும் கீழான நேரத்தில் நடக்கும் துடிப்புகள்கூட இதில் அகப்படும். எக்ஸ்-கதிருக்கு இடைஞ்சலாக இருந்த அசைவு இந்தக் கருவிக்கு மூலதனம்.

புரதத்தின் உள்ளே அசைவு உண்டு என்பதைப் பலர் நம்பத் தொடங்கியது ஒரு சின்ன வளையத்தால். 1975-ல் ஜூரிக்கில் கர்ட் வூட்ரிக்கும் கெர்ஹார்ட் வாக்னரும் மாட்டுக் கணையத்திலிருந்து எடுத்த, வெறும் 58 அமினோ அமிலம் கொண்ட ஒரு புரதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதன் உட்புறத்தில் டைரோசின், ஃபினைல்அலனைன் ஆகியவற்றின் ஆறுமூலை வளையங்கள் இடுக்கில்லாமல் அடைபட்டிருந்தன. வளையத்தின் வலப்பக்க ஹைட்ரஜனுக்கு ஓர் அக்கம்பக்கம், இடப்பக்கத்துக்கு வேறோர் அக்கம்பக்கம். எனவே இரண்டு சிக்னல் வர வேண்டும். குளிரில் சில வளையங்களுக்கு அப்படியே வந்தது. சூட்டை ஏற்ற ஏற்ற இரண்டும் அகன்று, நெருங்கி, ஒன்றாகிவிட்டன. மின்விசிறி மெதுவாகச் சுற்றும்போது இறக்கைகள் தனித்தனியாகத் தெரியும், வேகம் பிடித்தால் ஒரே வட்டமாகிவிடும், அதே கதைதான். வளையம் நொடிக்குப் பல்லாயிரம் தடவை புரண்டு படுக்கிறது. அது புரள வேண்டுமானால் நெருக்கியடித்து நிற்கும் அண்டை அயல் எல்லாம் ஒரு கணம் விலகி வழிவிட வேண்டும். படிகத்தில் கல்லுப்போலத் தெரிந்த புரதம் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. இரண்டு சிக்னல்களும் குளிரில் விலகி நின்ற இடைவெளியிலிருந்து, அவை ஒன்றாகும் வெப்பநிலையில் புரளும் வேகத்தைக் கணக்கிட்டுவிடலாம். எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த சோதனை இதுதான். பெரிய தந்திரம் எதுவும் இல்லை. சூட்டை மாற்றி மாற்றி அளந்தார்கள், அவ்வளவுதான்.

வூட்ரிக்குக்கு 2002-ல் நோபல் கிடைத்தது. அவருடனும் ரிச்சர்ட் எர்ன்ஸ்டுடனும் சேர்ந்து 1980-ல் பெங்களூரு அனில் குமார் எழுதிய கட்டுரை ஒன்று, புரத ஹைட்ரஜன்களில் எது எதற்குப் பக்கத்தில் இருக்கிறது என்று கண்டறியும் இருபரிமாண முறையைக் கொடுத்தது. கரைசலில் புரத வடிவம் கண்ட ஆய்வுகள் பெரும்பாலும் அதன் தோளில் ஏறித்தான் போயின. அந்த முறையும் அசைவை நம்பித்தான் நடக்கிறது: மூலக்கூறு புரள்வதால் ஒரு கருவின் கிளர்ச்சி பக்கத்துக் கருவுக்குத் தாவுகிறது.

இதெல்லாம் சின்னப் புரதத்துக்குச் சரி. மூலக்கூறு பெரிதாகப் பெரிதாக ஒரு வில்லங்கம் வருகிறது. கரைசலில் சின்னது வேகமாகப் புரளும். பெரியது ஆமைபோல நகரும். மெதுவாகப் புரண்டால் சிக்னல் சீக்கிரம் அழிந்து, கோடு அகன்று, கடைசியில் தரையோடு தரையாகிவிடும். 1997-ல் வூட்ரிக் குழு ட்ராஸி என்ற உத்தியால் இந்த வரம்பைத் தள்ளிப்போட்டது. டொரான்டோவின் லூயிஸ் கே, மெத்தில் தொகுதிகளை மட்டும் குறிவைத்துச் சுற்றியுள்ள ஹைட்ரஜனை எல்லாம் டியூட்டீரியம் என்ற கன ஹைட்ரஜனாக மாற்றி, 6,70,000 டால்டன் எடையுள்ள புரொட்டியசோம் என்ற புரதக் கூட்டத்தின் அசைவையே அளந்துவிட்டார். அது 2007-ல்.

கொலாஜன் இழையோ கரையவே கரையாது. திடப்பொருள். அங்கேதான் அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனத்தின் டென்னிஸ் டோர்ச்சியா வந்தார். அலனைன் என்ற அமினோ அமிலத்தின் மெத்தில் ஹைட்ரஜன்களை டியூட்டீரியமாக மாற்றிக் கொலாஜனில் ஏற்றினார்கள். திடப்பொருளில் டியூட்டீரியத்தின் சிக்னல் இரண்டு கொம்பு வைத்த அகன்ற உருவமாக வரும். அணு எத்தனை பாகை, எந்த வேகத்தில் ஆடுகிறது என்பதைப் பொறுத்து அந்தக் கொம்புகளின் இடைவெளியும் வடிவமும் மாறும். 1980-ல் ஜெலின்ஸ்கி, சல்லிவன், டோர்ச்சியா மூவரும் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள்: இழைக்குள் நெருக்கி அடுக்கப்பட்டிருந்தாலும் கொலாஜன் தன் நெடுக்கு அச்சைச் சுற்றிச் சுமார் 30 பாகை இப்படியும் அப்படியும் திரும்பிக்கொண்டுதான் இருக்கிறது. ராமச்சந்திரனின் மும்முறுக்கு அப்படியே முறுக்குக் குலையாமல், முழுசாக ஆடுகிறது. எலும்பில் கனிமம் ஏறிய கொலாஜனில் இந்த ஆட்டம் வெகுவாகக் குறைந்துவிடுவதை அதே குழு பின்னால் காட்டியது. தசைநாண் இழுபடுவதற்கும் எலும்பு விறைப்பாக நிற்பதற்கும் உள்ள வித்தியாசத்தில் இதற்கும் பங்கு உண்டு.

லக்னோவின் உயிர்மருத்துவ ஆராய்ச்சி மையத்தில் நீரஜ் சின்ஹாவின் குழு எலும்பையே நேரடியாக எடுத்துப் பார்த்தது. எலும்பை உலர்த்தினால், கொலாஜனும் கனிமமும் தொட்டுக்கொள்ளும் இடத்தில் அமைப்பு மாறுவது அவர்கள் சிக்னலில் தெரிந்தது. அந்த இடுக்கில் இருக்கும் கொஞ்சம் தண்ணீருக்கு எலும்பின் பலத்தில் பங்கு இருக்கிறது என்று அர்த்தம்.

டியூட்டீரிய முறையில் ஒரு நேரத்தில் ஓரிடத்தைத்தான் பார்க்கலாம். எல்லா இடத்தையும் ஒருசேரப் பார்க்க ஆசைப்பட்டால்தான் பீங்கான் குழாய் தேவைப்படுகிறது. திரவத்தில் மூலக்கூறு எல்லாப் பக்கமும் புரள்வதால் திசை சார்ந்த குழப்பங்கள் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். திடத்தில் புரளாது; குழப்பம் முழுக்க அப்படியே நிற்கும். 1950-களின் கடைசியில் வேல்ஸின் ரேமண்ட் ஆண்ட்ரூவும் அமெரிக்காவின் இர்விங் லோவும் தனித்தனியாக ஒரு வழி கண்டார்கள். மூலக்கூறு புரளாவிட்டால் நாம் மாதிரியைச் சுற்றுவோம். ஆனால் காந்தப்புலத்துக்கு 54.7 பாகை சாய்த்துச் சுற்றுவோம். ஒரு கனசதுரத்தின் மூலைக்கு மூலை போகும் குறுக்குக் கோடு, அதன் விளிம்போடு செய்யும் கோணம் இது. அந்தச் சாய்வில் சுற்றினால் முப்பரிமாணத்தின் எல்லாத் திசைகளும் சம பங்கு பெற்று, குழப்பம் சராசரியில் பூஜ்ஜியமாகிவிடும். இதற்கு மாயக்கோணம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். உண்மையில் பத்தாம் வகுப்பு முக்கோணவியல் தெரிந்தால் போதும்.

சுற்றும் வேகம், அணுக்கள் ஒன்றையொன்று இழுக்கும் வேகத்தை மிஞ்ச வேண்டும் என்பதுதான் கடினமான நிபந்தனை. ஹைட்ரஜனுக்கும் ஹைட்ரஜனுக்கும் இடையே அது பல பத்தாயிரம் ஹெர்ட்ஸ். 4 மில்லிமீட்டர் ரோட்டார் நொடிக்கு 15,000 சுற்றோடு நின்றுவிடும். பரப்பின் வேகம் ஒலியின் வேகத்தை நெருங்கக் கூடாது என்பதால், அதிகச் சுற்று வேண்டுமானால் குழாயைச் சிறிதாக்கிக்கொண்டே போவதைத் தவிர வேறு வழி இல்லை. ரோட்டார் எதையும் தொடாமல் காற்றில் மிதக்கிறது. மூடியில் வெட்டிய சிறகுகளில் இன்னொரு காற்று பாய்ந்து சுற்றுகிறது. உரசலில் மாதிரி சூடாகும் என்பதால் குளிர்காற்றும் ஊத வேண்டும். அடைத்தது சமமாக இல்லாவிட்டால் குழாய் தள்ளாடும். ஓடும் வேகத்தில் வெடித்துவிட்டால் மாதிரியும் போச்சு, ரோட்டாரைத் தாங்கும், லட்சக்கணக்கில் விலையுள்ள ஆய்முனையும் போச்சு. ஆய்வு மாணவர்கள் ரோட்டாரை முதலில் சுற்றவிடும் நிமிடங்களில் யாரோடும் பேச மாட்டார்கள்.

சரி, சுற்றிச் சுற்றிக் குழப்பத்தை அழித்தாயிற்று. அழித்ததில் அசைவுச் செய்தியும் சேர்ந்து போயிற்றே? அதற்கும் வழி உண்டு. சுழற்சியோடு தாளம் பிடித்து ரேடியோ அலைகளைத் தட்டினால், வேண்டிய இழுப்பை மட்டும் திரும்பக் கொண்டுவரலாம். அசையாத கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்பின் இழுப்பு 20,000 ஹெர்ட்ஸுக்குச் சற்று மேல். அளந்ததில் பாதிதான் வந்தது என்றால், அந்தப் பிணைப்பு நன்றாக ஆடுகிறது. இப்படி அமினோ அமிலம் அமினோ அமிலமாகப் பட்டியல் போட்டுவிடலாம்: இது விறைப்பு, இது தளர்வு, இது கதவுபோலத் திறந்து மூடுகிறது. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் ஹைதராபாத் கிளையில் பி.கே. மதுவும் கூட்டாளிகளும் இத்தகைய அதிவேகச் சுழற்சி முறைகளுக்கான ரேடியோத் தட்டல்களை வடிவமைப்பதில் உலக அளவில் பெயர் பெற்றவர்கள்.

எக்ஸ்-கதிருக்கும் காந்த ஒத்ததிர்வுக்கும் உள்ள வித்தியாசம் பளிச்சென்று தெரிய ஓர் உதாரணம் வேண்டுமானால், கருவேப்பிலங்குறிச்சிக்குக் கிழக்கே சிதம்பரத்தில் பிறந்தவரைத்தான் கூப்பிட வேண்டும். 1952-ல் அங்கே பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன், ரைபோசோமின் அமைப்பைக் கண்டதற்காக 2009-ல் மற்ற இருவரோடு நோபல் பெற்றார். செல்லில் புரதம் செய்யும் பட்டறை ரைபோசோம். பாக்டீரியாவில் அதன் எடை 25 லட்சம் டால்டனுக்குப் பக்கத்தில். படிகத்தில் அணு அணுவாகத் தெரிந்த அதில், பெரிய பாதியின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் காம்பு மட்டும் சரியாகப் பிடிபடவில்லை. எல்-7/எல்-12 என்ற புரதத்தால் ஆன காம்பு அது. வெளியிலிருந்து உதவிப் புரதங்களைப் பிடித்து உள்ளே இழுத்து விடுவது அதன் வேலை. ஓயாமல் ஆடுவதால் படத்தில் விழவில்லை. இதே ரைபோசோமைக் கரைசலில் வைத்து என்.எம்.ஆர். எடுத்தால் இத்தனை பெரிய உருவத்திலிருந்து ஒரு சிக்னலும் வரக் கூடாது. ஆனால் 2004-ல் கேம்பிரிட்ஜில் கிறிஸ்டோடூலூவும் டாப்சனும் எடுத்தபோது கூர்மையான கோடுகள் வந்தன. எல்லாம் அந்தக் காம்பிலிருந்து. மற்றதெல்லாம் மந்தமாகப் புரண்டு மறைந்துவிட, தன் இஷ்டத்துக்கு ஆடும் காம்பு மட்டும் சின்னப் புரதம்போலப் பேசியது. ஒரு முறைக்குக் கண் தெரியாத இடத்தில்தான் மற்றதற்குப் பார்வை. ஒன்று போதும் என்று சொல்பவர் யாராக இருந்தாலும் நம்ப வேண்டாம்.

இதே குடும்பத்தில், அணுக்கருவுக்குப் பதில் எலெக்ட்ரானின் காந்தத்தைப் பயன்படுத்தும் முறையும் உண்டு. எலெக்ட்ரானின் காந்தம் ஹைட்ரஜன் கருவுடையதைவிட 658 மடங்கு வலு. புரதத்தில் ஓரிடத்தில் தனி எலெக்ட்ரான் உள்ள ஒட்டு ஒன்றைப் பொருத்தி, அந்த இடம் எவ்வளவு தளர்வு என்று பார்ப்பார்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் பி.டி. மனோகரன், எஸ். சுப்பிரமணியன் காலத்திலிருந்தே இந்த எலெக்ட்ரான் முறையில் வலுவான மரபு இருக்கிறது. சுப்பிரமணியன், என். சந்திரகுமாருடன் சேர்ந்து 1987-ல் எழுதிய என்.எம்.ஆர். நூல் நம் நாட்டு மாணவர்கள் பலருக்குப் பாடப்புத்தகமாக இருந்தது.

இதைப் படிக்கும் வேதியியல் மாணவர்களுக்கு, விருத்தாசலம் கொளஞ்சியப்பர் கல்லூரியானாலும் வேறெந்தக் கல்லூரியானாலும், ஒரு யோசனை. சென்னை ஐ.ஐ.டி.யில் உள்ள உயர்நிலைப் பகுப்பாய்வுக் கருவி மையம் வெளிக் கல்லூரி மாதிரிகளையும் கட்டணத்துக்கு அளந்து தருகிறது. ரோட்டாரும் வேண்டாம், புரதமும் வேண்டாம். உங்கள் ஆய்வகத்திலேயே டி.எம்.எஃப். என்ற டைமெத்தில் ஃபார்மமைடு இருக்கும். அதில் நைட்ரஜனோடு இரண்டு மெத்தில்கள் ஒட்டியிருக்கின்றன. நைட்ரஜனை ஆக்ஸிஜன் ஒட்டிய கார்பனோடு சேர்க்கும் பிணைப்பு எளிதில் திரும்பாது. புரதச் சங்கிலியின் கண்ணிகளைக் கோக்கும் பிணைப்பும் இதே வகை. அறை வெப்பத்தில் மெத்திலுக்கு இரண்டு சிக்னல் வரும். ஒரே ஒரு ஸ்பெக்ட்ரம் வாங்கிக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். படிப்படியாகச் சூடாக்கி, நூறு டிகிரிக்கு மேலும் எடுத்துத் தர முடியுமா என்று கேளுங்கள். இரண்டு சிக்னலுக்கும் முதலில் இருந்த இடைவெளியையும் அவை அகன்று ஒன்றாகும் வெப்பநிலையையும் குறித்துக்கொண்டால், அந்தச் சூட்டில் பிணைப்பு நொடிக்கு எத்தனை தடவை திரும்புகிறது என்ற கணக்கை நீங்களே போட்டுவிடலாம்.